கேள்வித்தாளில் ஒரு கையெழுத்து

அந்தத் தாளை ஒட்டியிருந்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல செய்தியாக இருந்தால் எங்கள் மின் நிறுவனத்தில் அறிவிப்புப் பலகையின் நடுவில் ஒட்டுவார்கள். இது தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்ற படத்துக்குக் கீழே, பாதி மறைந்து, ஒரே ஒரு குண்டூசியில் தொங்கியது. யாரும் படித்துவிடக் கூடாது, ஆனால் ஒட்டவில்லை என்று யாரும் சொல்லிவிடவும் கூடாது. எனக்குக் குண்டூசியில் தொங்குவதையெல்லாம் படிக்கிற வியாதி உண்டு.

'பாதுகாப்பு ரிலே நிபுணர், கேபிள் பழுது நிபுணர் ஆகிய இரு நிரந்தரப் பணியிடங்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு கோரி இந்நிறுவனம் பணித் தேர்வாணையத்திடம் விண்ணப்பித்துள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஆணையத்தின் முன் நேரில் தெரிவிக்கலாம்.'

அந்த இரண்டு வேலையையும் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருப்பவள் நான். ஒப்பந்தத்தில். ஒவ்வொரு வருடமும் 'பணியிடம் நிரப்பப்படும் வரை' என்று எழுதிப் புதுப்பிப்பார்கள். நிரப்பப்பட்டால் நான் கிளம்ப வேண்டியதுதான்.

ரிலே என்பது மின்சாரத்துக்குக் காவல்காரன். டிரான்ஸ்பார்மருக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு இடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். தேவையில்லாமல் துண்டித்தால் பாதி நகரம் இருட்டாகும். துண்டிக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தால் டிரான்ஸ்பார்மர் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவனும் போய்ச் சேருவான். எப்போது பாய வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று அதற்கு அளந்து வைப்பவள் நான். பூமிக்கடியில் கேபிள் பழுதானால் எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்கிறவளும் நானே. எல்லோரும் 'ரிலே அக்கா' என்று கூப்பிடுவார்கள். பணியாளர் பட்டியலில் மட்டும் அப்படி ஒருத்தி கிடையாது. 'இதர சேவைகள்' என்ற தலைப்பின் கீழே, கொசு மருந்து அடிப்பவருக்கு அடுத்த வரியில் இருக்கிறேன்.

விதி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பொது நிறுவனம். நிரந்தர வேலைக்கு யாரை எடுத்தாலும் தேர்வு வைத்து, மதிப்பெண் வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. 'இந்தத் திறமையைத் தேர்வு வைத்து அளக்கவே முடியாது' என்று ஆணையம் ஒப்புக்கொண்டால், இயக்குநரே பார்த்து ஒரு நிபுணரை உட்கார வைத்துக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். எழுதியவர்கள் எங்கள் இயக்குநரைப் பார்த்ததில்லை.

போர்மேன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாருக்காக இதுன்னு தெரியும்ல?" என்றார்.

"படக்காட்சிக்கு."

"போன வாரம் கன்ட்ரோல் ரூமுக்கு வந்திருந்தாரு. அலாரம் மணியைக் காட்டி, இது எதுக்குங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பாட்டு மணின்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு."

படக்காட்சி என்பது நாங்கள் வைத்த பெயர். எட்டு மாதமாக ஆலோசகர் என்று வந்துபோகிறவர். எதைக் கேட்டாலும் மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் காட்டுவார். அம்புக்குறிகள் பறந்து வரும், வட்டங்கள் கைகோத்துக்கொள்ளும். மரியாதையான ஆள், அதையும் சொல்லிவிட வேண்டும். இயக்குநருடைய பழைய நண்பரின் மருமகன். இரண்டு முதுகலைப் பட்டம் வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது மூன்று வருட டிப்ளமோ.

இங்கேதான் சூட்சுமம். விலக்கு என்றால் தேர்வு கிடையாது, ஆனால் பட்டம் கட்டாயம். தேர்வு என்றால் டிப்ளமோ போதும், அனுபவம் இருந்தால் வயதுகூடத் தடையில்லை, மதிப்பெண் பேசும். விலக்கு வந்தால் அவர் உள்ளே, நான் வெளியே. தேர்வு வந்தால் யார் உள்ளே என்று பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மதியமே இயக்குநர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன், பதில் வருமுன் திறந்தேன். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் செடியின் இலைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா."

"நின்னே பேசுறேன் சார். இந்த ரெண்டு வேலைக்கும் தேர்வே வைக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே, யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"இது ரொம்ப நுட்பமான வேலைம்மா. ஒரு கலை மாதிரி. கேள்வி கேட்டு மார்க் போடுற விஷயமா இது? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அளக்கலாம். அளக்கிறதுதான் சார் என் வேலையே."

"உங்க உழைப்பை யாரும் குறைச்சுச் சொல்லல. புது நிபுணர் வந்ததும் அவருக்கு உதவியாளரா உங்களை வெச்சுக்கணும்னு நானே சிபாரிசு பண்ணப்போறேன். நீங்க அவருக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் எல்லை தாண்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், அந்த நேரத்தில் கிட்டே வர மாட்டார்கள்.

"நான் சொல்லிக் கொடுக்கணும், அவரு நிபுணரா இருக்கணும். இதைச் சுவத்துல படமாப் போட்டா நல்லா இருக்கும் சார்."

அவர் துணியை மடித்து வைத்தார். "ஆணையத்துல மூணு நிமிஷம் கொடுப்பாங்க. போய்ச் சொல்லிப் பாருங்க. எப்படித் தேர்வு வைக்கிறதுன்னு அவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

கேலிக்காகத்தான் கேட்டார். நான் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. சமையலறை மேசைதான் எல்லாவற்றுக்கும். சாப்பாடும் அதில்தான், மகளின் பாடமும் அதில்தான், என் வீட்டுக்காரர் தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனின் கார்புரேட்டரைக் கழற்றிப் போடுவதும் அதில்தான். மூன்று நாள் சாயங்காலம் அந்த மேசையை நான் பிடித்துக்கொண்டேன். பத்துக் கேள்வி. மனப்பாடம் செய்து பதில் சொல்கிற கேள்வி ஒன்றுகூட இல்லை. அந்த மாதிரிக் கேள்விகளிடம் நான் பட்டது போதும். நிறுவனத்தின் பொதுத் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றவள் நான். உலகத்திலேயே உயரமான இடத்தில் இருக்கும் ஏரி எது என்று கேட்டிருந்தார்கள். ஏரி எங்கே இருந்தால் என்ன, டிரான்ஸ்பார்மர் மேல் கொட்டாமல் இருந்தால் சரி.

என் முதல் கேள்வி இப்படி இருந்தது: 'இரவு முழுக்க மழை. காலையில் டிரான்ஸ்பார்மர் தானாகத் துண்டித்துக்கொண்டது. உள்ளே பழுது என்று ஒரு ரிலே சொல்கிறது. எண்ணெயில் வாயு இருந்தால் கத்த வேண்டிய ரிலே வாயே திறக்கவில்லை. புகையில்லை, வாடையில்லை. மறுபடி மின்சாரம் கொடுக்கச் சொல்லி மேலதிகாரி தொலைபேசியில் நிற்கிறார். முதலில் எந்தப் பெட்டியைத் திறப்பீர்கள், ஏன்?'

மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், வாய் மட்டும் கல்லூரி முடித்துவிட்டது.

"அம்மா, மேலதிகாரி தொலைபேசியில நிக்கிறாருங்கிறது கேள்வியா, புலம்பலா?"

"அதுவும் கேள்விதான். அவரை எவ்வளவு நேரம் நிக்க வைக்கிறாங்கன்னு பாக்கணும்."

அச்செடுத்த தாளைக் கையில் வாங்கியதும் அடியில் 'தயாரித்தவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்தேன். யோசித்துச் செய்ததில்லை. ரிலே அறையில் எந்தச் சோதனைத் தாளானாலும் சோதித்தவர் கையெழுத்து இல்லாவிட்டால் அது செல்லாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. ஏதாவது ஆகிவிட்டால் முதலில் அந்தத் தாளைத்தான் எடுப்பார்கள். பதினோரு வருடத்தில் கையெழுத்தில்லாத தாள் ஒன்று என் மேசையை விட்டுப் போனதில்லை.

"கேள்வித்தாள்ல யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களாம்மா?" என்றாள் மகள்.

"நான் போடுவேன்."

வீட்டுக்காரர் கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்கம்மா மளிகைச் சீட்டுலயே கையெழுத்துப் போடுறவ. விடு" என்றார்.

பன்னிரண்டாம் தேதி காலையில் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் என்னை ஆணையத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய கட்டடம், சின்ன அறை. மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மா. பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கை மட்டும் தானாக எழுதுகிற ஆள். ஒரு பக்கம் இயக்குநரும் படக்காட்சியும். இன்னொரு பக்கம் நான். பின்வரிசையில் வேன் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு போர்மேன் அண்ணனும் வந்திருந்தார்.

இயக்குநர் பேசினார். நன்றாகவே பேசினார். மின்சாரம் ஒரு நாட்டின் உயிர்நாடி என்றார். ரிலே அமைப்பது உள்ளுணர்வு சார்ந்த கலை, அதைக் கேள்விகளுக்குள் அடைப்பது அந்தக் கலைக்கே அவமானம் என்றார். என் வேலையை இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. பதினோரு வருடத்தில் ஒருநாள் இதில் பாதி சொல்லியிருந்தால்கூட அந்த ஆளுக்காக உயிரைக் கொடுத்து உழைத்திருப்பேன். அப்படிச் சொல்லாமலே உழைத்தேன் என்பது வேறு விஷயம்.

"ஆட்சேபம் இருக்கா?" என்றார் தலைவர்.

எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு காணாமல் போயிருந்தது. நேராக மேடைக்குப் போய்க் கேள்வித்தாளை வைத்தேன். மூவருக்கும் ஆளுக்கொன்று, இயக்குநர் பக்கம் ஒன்று.

"தேர்வு வைக்க முடியாதுன்னு சொல்றாரு. இதோ வெச்சிருக்கேன். பத்துக் கேள்வி, மூணு மணி நேரம். இதுல ஏழுக்குச் சரியாப் பதில் சொல்றவங்களை நம்பி டிரான்ஸ்பார்மரைக் கொடுக்கலாம். அதுக்குக் கீழ எடுத்தா வாசல் விளக்குக்கு பல்பு மாட்டக்கூட விடக் கூடாது. என் பேச்சு அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கு, நீங்களே வெச்சுக்குங்க."

தலைவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுப் படக்காட்சியைப் பார்த்தார். "நீங்கதானே உத்தேச நிபுணர்? முதல் கேள்விக்கு என்ன சொல்வீங்க?"

அவர் மடிக்கணினியின் மூடியில் கை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "கையேட்டைப் பார்த்துத்தான் சொல்லணும் மேடம்."

"எந்தக் கையேடு?"

"அது… அதையும் பார்க்கணும்."

பின்வரிசையில் போர்மேன் அண்ணன் இருமினார். அந்த இருமலை எனக்குத் தெரியும், சிரிப்பை முழுங்குகிற இருமல். தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எந்தப் பெட்டி?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"இது தேர்வுக்கான கேள்வி. இந்த ரூம்ல தேர்வு எழுதப்போறவங்க இருக்காங்க. சொன்னா தாள் வெளியான மாதிரி ஆயிடும்."

தலைவரின் கை எழுதுவதை நிறுத்தியது. பக்கத்து உறுப்பினர் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த நொடியில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

அப்போதுதான் இயக்குநர் எழுந்தார். என் தாளைக் கையில் வைத்திருந்தார். முகத்தில் தோற்றவனின் களையே இல்லை.

"தேர்வு வைக்கலாம்னு ஆணையம் நினைச்சா எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் பதிவுல ஏத்திக்கணும். தேர்வு விதி ஏழு. வினாத்தாள் தயாரிச்சவர் அந்தத் தேர்வை எழுதக் கூடாது. அடியில பாருங்க, 'தயாரித்தவர்'னு கையெழுத்து இருக்கு. தேதி இருக்கு. நேரம்கூட இருக்கு."

வேன் சாவி சுற்றுவது நின்றுவிட்டது. மூன்று நாள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் கையாலேயே, தேதி போட்டு, நேரம் போட்டு எனக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. "விதி அப்படித்தான் இருக்கு. ஆனா இந்தத் தாளை நாங்க இன்னும் பதிவுல ஏத்தலை. நீங்க திரும்ப எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கிட்டா?"

"தேர்வு வைக்க முடியும்கிறதுக்கு எங்க முன்னாடி ஆதாரம் இருக்காது. அவங்க கேட்ட விலக்கு அவங்களுக்குக் கிடைச்சிடும்."

"எடுக்கலைன்னா?"

"ரிலே பணியிடத்துக்குத் தேர்வு நடக்கும். நீங்க எழுத முடியாது. கேபிள் பணியிடத்துக்கும் விலக்கு கிடையாது, அதுக்குத் தனியாத் தாள் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தணிந்த குரலில் கேட்டார். "இது உங்க கையெழுத்துதானா?"

அது எனக்காகத் திறந்து வைத்த கதவு என்று புரிந்தது. இல்லை என்று சொன்னால் விசாரணை, வேறு தாள், வேறு நாள், ஏதாவது வழி கிடைக்கும். போர்மேன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்ட கையெழுத்தை இல்லை என்று சொன்ன ஒருத்தன் எங்கள் டிரான்ஸ்பார்மர் யார்டில் ஒரு காலத்தில் இருந்தான். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் நின்று வேலை செய்ய யாரும் வரவில்லை.

"என்னோடதுதான்" என்றேன். "தாளும் என்னோடதுதான். அது இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு மேடம். நான் உள்ள போகலைன்னா பரவாயில்ல. ஆனா வேலை தெரியாத ஒருத்தர் அந்த நாற்காலியில உக்கார விடமாட்டேன்."

வேனில் திரும்பும்போது சிக்னலில் வண்டியை நிறுத்திய வீட்டுக்காரர், "அழணும்னா அழு. பின் சீட்டுல ஏதோ பிள்ளை விட்டுட்டுப் போன கைக்குட்டை இருக்கு" என்றார். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை இரண்டு நாள் வலித்தது.

நான்கு மாதத்தில் தேர்வு நடந்தது. என் தாளேதான். அன்றே தலைவர் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி முத்திரை வைத்துவிட்டதால், அறையில் பேச்சில் அடிபட்ட முதல் கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அறுபத்து மூன்று பேர் எழுதினார்கள். படக்காட்சியும் எழுதினார், அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்தான். இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தார், நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு அதிகம். ஏழு சரியான விடையைத் தொட்டது ஒரே ஒருத்தி. வேறு நகரத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் ரிலே பார்த்தவள்.

அவள் சேருவதற்கு முந்தின வாரம் இயக்குநரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த மிக இனிமையான கடிதம் அது. கேபிள் பணியிடத் தேர்வுக்கும் வினாத்தாள் தயாரிக்க, ஈடு இணையற்ற அனுபவமுள்ள என்னையே நிறுவனம் பரிந்துரைக்கிறதாம். ஒவ்வொரு வரியிலும் தேன். இரண்டாவது கதவையும் என் கையாலேயே சாத்தவைக்கப் பார்க்கிறார்.

கடிதத்தின் அடியிலேயே எழுதினேன்: 'தாள் போட மாட்டேன். தேர்வு எழுதப்போகிறேன்.' கையெழுத்து, தேதி, நேரம். நேரே போய் அந்தப் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படித்துவிட்டு அவர் சிரித்தார். "உங்களை விட்டா யாரும்மா இருக்கா? தாள் போட ஆள் இல்லைன்னு ஆணையத்துக்கு எழுதினா, மறுபடி விலக்குதான். மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. ஆள் கிடைச்சா சொல்லுங்க."

ஆள் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த எவருக்கும் கேபிள் தெரியவில்லை, கேபிள் தெரிந்தவர்கள் எங்கள் நிறுவனத்தில் நிரந்தரப் பதவியில் இல்லை. தாள் போடுகிறவர் நிரந்தரப் பதவியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி. ரிலே தாளுக்கு அவரே ஆட்சேபம் இல்லை என்று சொன்னதால்தான் என்னுடையது செல்லுபடியானது. இவர் இனி யாரைப் பரிந்துரைக்கப்போகிறார்? என் மேசை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தேன்.

புதியவள் ஒரு திங்கட்கிழமை வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தோளில் எண்ணெய்க் கறை படிந்த பை, கையில் சொந்த டெஸ்டர். அவளை வெறுக்கலாம் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன். அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தேர்வுத் தாள் போட்டது நீங்கதானாமே?"

"ஆமா."

"ஆறாவது கேள்வி தப்பு."

எனக்குக் காது சுட்டது. "என்ன தப்பு?"

"டிரான்ஸ்பார்மரோட உள் இணைப்பு ஸ்டாரா, டெல்டாவான்னு நீங்க சொல்லவே இல்ல. அது தெரியாம ரெண்டு விடை வரும். நான் ரெண்டையும் எழுதினேன். ஒண்ணுக்குத்தான் மார்க் போட்டிருக்காங்க."

டிராயரிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எழுதவில்லை. எங்கள் யார்டில் நிற்கிற எல்லா டிரான்ஸ்பார்மரும் ஒரே வகை. அதனால் உலகத்தில் இருப்பதெல்லாம் அந்த வகைதான் என்று என் கை எடுத்துக்கொண்டிருக்கிறது. என்னைத் தப்பென்று சொல்ல இந்தக் கட்டடத்தில் இதுவரை ஒரு ஆள் இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று பதினோரு வருடம் போயிருக்கிறது. அது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

"தப்புதான்" என்றேன். "உனக்குக் கேபிள் தெரியுமா?"

"ஆலையில நாலு கிலோமீட்டர் கேபிளும் நான்தான் பார்த்தேன். ஏன் அக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இந்த நிறுவனத்தில் கேபிள் தெரிந்த ஒரே நிரந்தர ஆள் இன்றிலிருந்து அவள் என்று சொன்னேன். தாள் போட்டால் இயக்குநரின் கண்ணில் விழுந்த தூசியாகிவிடுவாள், இன்னும் ஒரு வருடம் தகுதிகாண் காலம் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "போடுறேன். ஆனா கஷ்டமாத்தான் போடுவேன். நீங்க எழுதுறீங்கன்னு இளக்கிப் போட மாட்டேன்."

"இளக்கிப் போட்டா அந்தத் தாளை உன் மேசையிலயே வெச்சுட்டு எழுந்து போயிடுவேன்."

"கையெழுத்துப் போடணுமா அதுல?"

"போடு. தேதி, நேரத்தோட."

அன்று மதியம் அவள் கடிதத்தைக் கொண்டுபோய் இயக்குநரிடம் கொடுத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "என்னைப் பார்க்கவே இல்ல அக்கா. செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாரு" என்றாள். பிளாஸ்டிக் செடிக்கு. அந்த ஒரு செய்திக்காகவே அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று அவள் பயந்தாள், அவள் ஏதாவது உளறிவிடுவாளோ என்று நான் பயந்தேன். வானிலை, விலைவாசி, அவள் அண்ணியின் குணம், இவைதான் பேச்சு.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. என் முழங்கால் மேசையில் இடித்தது. சுற்றிலும் இருந்தவர்களில் பாதிப்பேர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "பெற்றோர் வெளியில இருக்கணும்மா" என்றார். நுழைவுச் சீட்டை நீட்டினேன்.

தாள் வந்தது. முதல் கேள்வி:

'பூமிக்கடியில் ஒரு கேபிள். வரைபடத்தின்படி நீளம் தொள்ளாயிரம் மீட்டர். ஒரே ஒரு பழுது. கிழக்கு முனையிலிருந்து அளந்தால் பழுது நானூற்றுப் பத்து மீட்டரில் இருக்கிறது. மேற்கு முனையிலிருந்து அளந்தால் ஐந்நூற்று இருபது மீட்டரில் இருக்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? மண்வெட்டியை எங்கே வைப்பீர்கள்?'

நானூற்றுப் பத்தும் ஐந்நூற்று இருபதும் தொள்ளாயிரத்து முப்பது. முப்பது மீட்டர் கூடுதல். என் கருவி பொய் சொல்லலாம், வரைபடம் பொய் சொல்லலாம். பதினோரு வருடத்தில் நான் எங்கள் வரைபடத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அது தெரிந்துதான் கேட்டிருக்கிறாள், பாவி மகள். அடியில் கையெழுத்துப் போட்டிருந்தாள், நேரத்தோடு.

எத்தனையோ ஏரிகளையும் மலைகளையும் கேட்டவர்கள் மத்தியில், கடைசியில் ஒருத்தி என் வேலையைக் கேட்டிருந்தாள். மேசையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முழங்காலுக்கு இடம் செய்துகொண்டு, எழுத ஆரம்பித்தேன்.